பக்கத்துக் கூடாரத்து வெள்ளரி

வாங்க அம்மிணி, வாங்க. வண்டிய அந்த வேப்பமரத்துக்கு அடியில போடுங்க, வெயில்ல நின்னா சீட்டு காஞ்சு போயிரும். கோகிலவாணி தோட்டந்தானுங்களே கேட்டீங்க? இது அவ தோட்டமில்லீங்க. அது பக்கத்துக் கூடாரம். எல்லாரும் மொதல்ல இங்கதான் வந்து நிப்பாங்க. ரோட்ட ஒட்டி இருக்கறது எங்க கூடாரம். ஆனா வர்றவங்க கேக்கறது அவ பேர. வர்ற ஒவ்வொருத்தருக்கும் நாந்தான் கையக் காட்டி உடோணும். என்ற பேரு பாவாயி. ஆரும் கேக்கறதில்ல, நானாச் சொல்லி வெச்சுக்கறேன்.

அவ இல்லீங்க இப்ப. வெள்ளரிக்கா லோடு ஏத்திக்கிட்டு உடுமலைக்குப் போயிருக்கறா. மத்தியானப் பஸ்ஸுக்கு வந்துருவா. அங்க போயி வெயில்ல நின்னு என்ன பண்ணப் போறீங்க? இப்பிடி உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா? சரி, மோராச்சும் குடிங்க. எங்க ஊட்டு மோரு புளிக்காது. பக்கத்துலதான் மோர வேணும்னே புளிக்க வெச்சுச் செடிக்கு ஊத்தறது.

எங்கிருந்து வர்றீங்க? கோயமுத்தூர் ட்ரெய்னிங் சென்டர்ல இருந்துங்களா? ஓ. அப்ப நீங்கதானா. விவசாயம் பண்ற பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலைக்கு அவளக் கூப்புட்டிருக்கறீங்களாம், சொன்னா. இப்ப ஆளு எப்பிடி, கூடாரம் எப்பிடின்னு பாத்துட்டுப் போக வந்திருக்கறீங்க. நல்லதாப் போச்சு. என்னைக் கேளுங்க. அவளப் பத்தி என்ன உட ஆருக்குத் தெரியும்? நான் அவளுக்கு ஓரகத்தி. அவ புருசன் என்ற கொழுந்தன். அவ இந்த ஊட்டுக்கு வந்தப்ப ஆலாத்தி எடுத்ததே இந்தக் கையிதான்.

நான் ஒருத்தரப் பத்திக் கொறையாப் பேசறவ இல்லீங்க. நடந்தத நடந்தாப்புலச் சொல்றேன். வேலைக்கு எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்.

அண்ணந்தம்பி ரெண்டு பேரும் சேந்து போட்டதுதானுங்க இந்த ரெண்டு கூடாரமும். நீங்க பாலிஹவுஸும்பீங்க, நாங்க கூடாரம்னே சொல்லிப் பழகிட்டோம். ஒரே வருசம் போட்டது, ஒரே கம்பெனிக் கம்பி, ஒரே பிளாஸ்டிக் சீட்டு. நடுவுல ஒரு மாட்டுவண்டி போற எடந்தான் இருக்கும். போன வருசத்துக்கு முந்துன வருசம், கொடமொளகா பறிக்கற நேரத்துல, என்ற கொழுந்தனுக்கு நெஞ்சுவலி வந்துருச்சு. கூடாரத்துக்குள்ளயே சாஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நல்ல பையன். எனக்கு மகனாட்ட.

கருமாதி எல்லாம் முடிஞ்சு ஒறம்பரைச் சனமெல்லாம் கெளம்புனதுக்கப்புறம் நாந்தான் சொன்னேன். "கண்ணு, நீ டவுன்ல பொறந்தவ. உனக்கு எதுக்கு இந்தச் சேறும் சகதியும்? உங்கம்மா ஊட்டுக்குப் போயி பிள்ளையப் படிக்க வையி. கூடாரத்த நாங்க பாத்துக்கறோம்"னேன். நல்ல எண்ணத்துல சொன்னதுங்க. வேற என்ன எண்ணம் எனக்கு? ரெண்டு கூடாரமும் ஒரே கையில இருந்தா வேலை சுளுவு, அவ்வளவுதான். அவ என்ன சொன்னா தெரியுங்களா? "இல்லக்கா, நானே பாத்துப் பாக்கறேன்"னா. அழுதுக்கிட்டேதான் சொன்னா. ஆனா சொன்னா.

கல்யாணமாகி வந்த புதுசுல வெள்ளரி செடியா கொடியான்னு என்கிட்ட கேட்டவ அம்மிணி அவ! பி.காம் படிச்சுட்டு ஒரு மில்லு ஆபீசுல கணக்கெழுதிக்கிட்டிருந்தவ. எங்கிட்ட வந்து கத்துக்குவான்னு பாத்தேன். வரல. நேரா உங்களாட்ட ஒரு எடத்துக்குப் பயிற்சிக்குப் போனா. திரும்பி வரும்போது கையில என்ன கொண்டு வந்தா? மீனு.

சிரிக்காதீங்க. மீன் கடையில வெட்டிப் போடற தலை, குடலு, செதுலு எல்லாத்தையும் ஒரு பை நெறயக் கட்டிக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்குனா. கண்டக்டரு அவளக் கடைசி சீட்டுல உக்காத்தி வெச்சானாம். அந்த மீனோட நாட்டுச் சக்கரையப் போட்டு ஒரு டிரம்முல மூடி வெச்சா. மீன் அமிலமாம். செடிக்கு டானிக்காம். வெள்ளிக்கெழமை கூட பாக்கல அம்மிணி. ஊர்ல இருக்கற பூனை அத்தனையும் எங்க வாசல்லதான். "டிரம்ம அக்கட்டாலக் கொண்டு போ, எனக்குக் கொமட்டுது"ன்னேன். "சரிக்கா"ன்னு சொல்லி அன்னிக்கே உருட்டிக்கிட்டுப் போயி அந்தக் கோடியில வெச்சுட்டா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

அதுதானுங்க அவளோட தந்திரம். எதுத்துப் பேசுனா நாமளும் நாலு வார்த்தை பேசலாமில்ல? அவ பேச உடமாட்டா.

அப்பறம் கடல்பாசிச் சாறுன்னு ஒண்ணு. ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து பாட்டில்ல வருதாம். அப்பறம் அரப்பு மோரு. அரப்பு தெரியுமில்லீங்க உங்களுக்கு? இந்தப் பக்கம் தலைக்குத் தேச்சுக் குளிக்கறதுங்க. அந்த எலையப் பறிச்சு, அரைச்சு, புளிச்ச மோர்ல கலக்கிப் பானையில ஊற வெக்கறா. பூ கொட்டாம நிக்கறதுக்காம். நான் கேட்டேன், "ஏன் கோகிலா, உன்ற செடி எண்ண தேச்சுத் தல குளிக்கப் போகுதா?"ன்னு. அவ சிரிச்சா. புருசன் போயி வருசம் திரும்பல. சிரிக்கறா. நான் கேட்டது சிரிக்கறாப்புலதான் இருந்துச்சு, இல்லீங்கல. இருந்தாலும் சிரிக்கலாமுங்களா?

இந்தக் கோடையில ரெண்டு கூடாரத்துலயும் வெள்ளரிதான். ஒரே வாரத்துல நட்டோம். ஒரே கம்பெனி நாத்து. எங்க போருத் தண்ணி உப்புங்க, அவளுக்கும் அதே தண்ணிதான். சித்திரை வெயிலு ஏறுச்சு பாருங்க, கூடாரத்துக்குள்ள போனா அடுப்புக்குள்ள தலைய உட்டாப்புல இருக்கும். என்ற கொடியில எல ஓரமெல்லாம் பழுத்துப் போச்சு. பூ வரும், கொட்டிரும். பிஞ்சு எறங்கும், வெம்பிரும். காலைல உள்ள போனா கீழ மஞ்சக் கம்பளம் விரிச்சாப்புலப் பூவாக் கெடக்கும். கூட்டி அள்ளறப்ப வயிறு எரியுமுங்க.

அவளோடது? நான் எட்டிப் பாக்கறவ இல்லீங்க. அவ கூடாரத்துப் பக்கவாட்டு வலை ஒரு எடத்துல கிழிஞ்சிருந்துச்சு. அது வழியாத் தானாத் தெரிஞ்சுது. கிழிசலு கொஞ்சம் ஒசரத்துல இருந்துச்சு, ஒரு கல்லப் போட்டு ஏறி நின்னாத்தான் தெரியும். எல ஒண்ணொண்ணும் மொறத்தாட்டம் அகலம். கரும்பச்சை. காயி சரஞ்சரமாத் தொங்குது. அதே தண்ணி அம்மிணி. அதே வெயிலு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. பொறாமை இல்லீங்க, அதெல்லாம் எனக்குக் கெடையாது. பித்தம்.

அதுக்கப்பறம் தெனமும் பித்தந்தான். காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா அந்தக் கல்லு மேல ஏறுனாத்தான் மனசு அடங்கும். ஒரு நாளு ஏறி நின்னு பாத்துட்டிருக்கறேன், உள்ள இருந்து அவ கொரலு. "அக்கா, கல்லு ஆடுது பாத்து நில்லுங்க. வாசல் வழியாவே வாங்களேன்"ங்கறா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? "ஓணான் ஒண்ணு போச்சு, அதத் தொரத்துனேன்"னேன். மறுநாளு பாத்தா அந்தக் கல்லுக்குப் பக்கத்துல இன்னொரு கல்ல வெச்சு ஆடாமப் பண்ணியிருக்கறா. கிண்டலுதானுங்களே அது? நீங்களே சொல்லுங்க.

அப்பறந்தான் நான் மருந்துக் கடைக்கே போனேன். கடைக்காரரு ஒரு பாட்டில் எடுத்து வெச்சாரு. வெளிநாட்டு மருந்து, பளபளன்னு தங்கக் கலர் மூடி. "இத அடிங்கக்கா, பக்கத்துக் காட்டுக்காரன் வந்து ரகசியம் கேப்பான்"னாரு. அந்தச் சொல்லுக்கே வாங்குனேன். கொண்டு வந்து எங்க ஊட்டுக்காரர் கையில குடுத்தேன். மருந்தடிக்கறது அவியதான். சென்னியப்பன்னு பேரு, வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச மாட்டாங்க. "ம்" னுட்டு வாங்கிக்கிட்டாங்க.

மாயம் மாதிரி இருந்துச்சு அம்மிணி. கொஞ்ச நாள்லயே கொடி தெளிஞ்சுது. பூ நின்னுச்சு. பிஞ்சு கண்ணு முழிச்சுது. புது எல பச்சை கட்டுச்சு. எனக்குத் தலகால் புரியல. எங்க ஊட்டுக்கு வந்தவங்க போனவங்க எல்லாத்துக்கும் அந்தத் தங்க மூடிப் பாட்டிலப் பத்தித்தான் பேச்சு. மாரியம்மன் கோயில்ல பூசாரிகிட்டக்கூட சொன்னேன். "சிலரு மீனையும் மோரையும் கரைச்சு ஊத்திக்கிட்டிருக்கறாங்க, மருந்துன்னா அது மருந்து"ன்னு அவ காதுல உழறாப்புலச் சொன்னேன். அவ, "நல்லா வருதாக்கா? சந்தோசம்"னா. வயிறு எரிஞ்சுக்கிட்டேதான் சொல்லியிருப்பா. நானா இருந்தா அப்பிடித்தான்.

காயி எடுக்க வந்த யாவாரி ஒரு நாளு ரெண்டு காயையும் கையில வெச்சுப் பாத்துட்டு, "அக்கா, உங்க காயும் கோகிலாக்கா காயும் ஒரு தாய் மக்களாட்ட இருக்குதே"ன்னான். எனக்குச் சுர்ருன்னுச்சு. "அவ என்னையப் பாத்துப் பண்றா தம்பி"ன்னேன்.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. எங்க ஊட்டுக்காரரு மேல அரப்பு வாசம்.

எப்பிடிச் சொல்றது உங்ககிட்ட. நீங்க சின்னப் புள்ள. அவிய தலைக்குச் சோப்புத்தான் போடுவாங்க. அரப்பு தேச்சா பொடி உதுருதுன்னு கல்யாணமான காலத்துல இருந்து தொட்டதில்ல. திடீர்னு சட்டையில அரப்பு, கையில அரப்பு, துண்டுல அரப்பு. அதோட ஒரு புளிச்ச வாடை. இந்த ஊர்ல அரப்ப அரைச்சு வெச்சுக்கிட்டிருக்கறது ஒரே ஒரு எடந்தான். எனக்குப் புள்ள குட்டி இல்லீங்க அம்மிணி. அத உடுங்க, அது ஒரு கதை. ஆனா புள்ள இல்லாதவளுக்குப் புருசன் மேல ஒரு பயம் எப்பவும் இருக்கும். ராத்திரி தூக்கமில்ல. தப்பா நெனைக்கப்படாதுன்னு நெனைக்க நெனைக்கத் தப்பாத்தான் நெனப்பு வந்துச்சு. அவளுக்கு என்ன வயசாச்சு? அவ சிரிச்சா கன்னத்துல குழி வேற.

ஒரு நாள் வெடியால, வெளிச்சம் வந்தும் வராம, அவிய ஸ்பிரேயரத் தோள்ல மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க. நான் பின்னாலயே போனேன். செருப்பக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டேன். அவ கூடாரத்துக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாயி இருக்குது. அங்கதான் பானை, டிரம்மு எல்லாம். உள்ள போனாங்க. நான் கதவுகிட்ட நின்னு ஆண்டவனையெல்லாம் கும்புட்டேன். பாத்தா அவ இல்ல. இவிய மட்டும் நிக்கறாங்க. பானையில இருந்து துணியில வடிகட்டி வடிகட்டி ஸ்பிரேயர்ல ஊத்திக்கிட்டிருக்கறாங்க.

"என்னங்க இது?"ன்னேன்.

திடுக்குனு திரும்பிப் பாத்தாங்க. "அரப்பு மோரு"ன்னாங்க.

"நம்ம பாட்டிலு?"

"வைக்கப்போர்ல சொருகி வெச்சிருக்கறேன். மூடி தொறக்கல."

"அப்ப இத்தன நாளா?"

"இதுதான் அடிச்சேன். ஒரு வாரம் இது, ஒரு வாரம் கடல்பாசி. வேருக்கு மீன் அமிலம். கோகிலாதான் அளவு சொல்லுச்சு. 'மாமா, அக்காகிட்டச் சொல்லாதீங்க, கடைப் பாட்டில்னே நெனச்சுக்கட்டும், அக்காவுக்கு மனசு கஷ்டமாயிரும்'னுச்சு."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா அடிக்க உடுவியா பாவாயி? செடி சாகறத எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டிருக்கறது?"

கல்யாணமாகி இத்தன வருசத்துல அவிய இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்ல அம்மிணி. பேசுனதும் அவளுக்காக.

என்ன, புருசன் மேல நான் சந்தேகப்பட்டது தீந்துச்சுதானேங்கறீங்களா? தீந்துச்சு. தீந்து என்ன பண்ண? புருசன் துரோகம் பண்ணல, என்ற செடிதான் துரோகம் பண்ணிருச்சு! நான் தண்ணி உட்டு, நூலு கட்டி, பூச்சி பொறுக்கி வளத்த செடி. என் கண்ணு முன்னாலயே அவ கை மோரக் குடிச்சுட்டு எங்கிட்டப் பச்சையாச் சிரிச்சுக்கிட்டு நின்னிருக்குது. ஊரெல்லாம் நான் பாட்டிலு பாட்டிலுன்னு சொல்லிக்கிட்டுத் திரிய, அவ கேட்டுட்டு "சந்தோசம்க்கா"ங்கறா! அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரம் அவ திருடியிருந்தாக்கூட வந்திருக்காது. திருடியிருந்தா ஒரு வார்த்தை கேக்கலாம்.

"இனி ஒரு சொட்டு அங்கிருந்து வரப்படாது. அரப்பு என்ன, அவ அப்பன் ஊட்டு மரமா? நானே போடறேன்"னேன்.

போட்டேன். அரப்பு எலை பறிச்சேன், கெட்டியா அரைச்சேன், மோரு ஊத்துனேன். மீனுக்குத்தான் கொமட்டுச்சு, மூக்கக் கட்டிக்கிட்டு அதுவும் பண்ணேன். அவ வலைக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னா, "அக்கா, மோருக்கு ஒண்ணுக்குப் பத்து தண்ணி ஊத்துங்க. மீனு இன்னும் ரொம்பக் கம்மிதான், ஒரு டேங்குக்கு ஒரு சின்ன டம்ளரு கூட வேண்டாம். வெயில்ல அடிச்சராதீங்க"ன்னு. நீங்களே ரோசிச்சுப் பாருங்க. கொழம்புல பருப்புக் கொறைச்சுப் போட்டா ருசி கூடும்னு ஆராச்சும் சொன்னா நம்புவீங்களா? எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு, என்ற காயி அவ காயத் தாண்டிரக் கூடாதுன்னு நெனைக்கறான்னு. நான் அவ சொன்னதுக்கு நேர்மாறாப் பண்ணேன். நல்லாக் கெட்டியா, மீனையும் மோரையும் ஒண்ணாக் கலக்கி, கொடி பூராவும் நனையறாப்புல அடிச்சேன். அவிய சந்தைக்குப் போயிருந்தாங்க. அவிய வர்றதுக்குள்ள முடிச்சரோணும்னு உச்சி வெயில்ல அடிச்சேன். வேலைன்னா அப்பிடி வேகம் எனக்கு.

எல சுருள ஆரம்பிச்சுது. மொதல்ல எதோ வெயிலுக்கு வாடுதுன்னு நெனச்சேன். அப்பறம் ஓரத்துல இருந்து அப்பிடியே கருகி வருது, காயிதத்துல தீ புடிச்சாப்புல. கூடாரத்துக்கு நடுவுல அப்பிடியே உக்காந்துட்டேன்.

அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ. மீன் வாடை அடிச்சுதாம், இந்த வெயில்ல என்ன மீன் வாடைன்னு ஓடி வந்தாளாம். அன்னிக்கு அவ கூடாரத்தப் பாக்க ஒரு வேன் நெறய ஆளுங்க வந்திருந்தாங்க. பெரிய அதிகாரி ஒருத்தரு வேற. போட்டோ புடிக்க ஆளு வேற. அவங்க எல்லாத்தையும் அப்பிடியே நிக்க வெச்சுட்டு இங்க ஓடி வந்துட்டா. இதக் குறிச்சுக்கங்க அம்மிணி, அவளுக்குப் பொறுப்புக் கெடையாது. பெரிய மனுசங்க வந்திருக்கறப்ப பாதியில உட்டுட்டு ஓடுற ஆளு. நாளைக்கு உங்க சென்டர்லயும் இப்பிடித்தான் பண்ணுவா.

வந்து எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. "அக்கா, எந்திரிங்க. நல்ல தண்ணி அடிச்சுக் கழுவோணும், சீக்கிரம்"னா. அவ ஊட்டுத் தொட்டியில மழைத் தண்ணி புடிச்சு வெச்சிருந்தா, அவ மருந்து கலக்கறதுக்குன்னு. அத்தனையும் இங்க குழாய்ப் போட்டு உட்டுட்டா. அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொடி கொடியா, எல எலயாக் கழுவுனோம். சேலை பூராவும் நனைஞ்சு, மீன் நாத்தம். அந்த வேன்ல வந்தவங்க வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. அவ திரும்பிக்கூடப் பாக்கல.

பொழுது சாயறப்போ எங்க ஊட்டுக்காரரு வந்தாங்க. கூடாரத்தப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தி அவ சொன்னா, "மாமா, நான் குடுத்த மீனு கொஞ்சம் காட்டமாப் போச்சு. என் தப்புத்தான்"னு.

பொய் சொல்றா பாருங்க. கூசாமச் சொல்றா. அதையும் குறிச்சுக்கங்க.

பாதிக் கொடி போயிருச்சு. மீதி நின்னுச்சு. அப்பறம் அவ எதோ கடல்பாசிய லேசாக் கலந்து ரெண்டு மூணு தடவ அடிச்சா, நானும் வேண்டாம்னு சொல்லல. கொஞ்ச நாள்ல கணுவுக்குக் கணு துளிரு வந்துச்சு. அதுனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதுங்க. என்ற கைராசியும் இருக்குதுல்ல. எங்கம்மா சொல்லுவா, பாவாயி நட்டா காஞ்ச குச்சியும் தழையும்னு.

அதுல இருந்து அவ தெனமும் பொழுது சாஞ்சா இங்க வந்து உக்காந்துக்கறா. நான் கூப்புடறதில்ல. அவளே வருவா. ரெண்டு பேரும் அரப்பு உருவிக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம். அவ புள்ள கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல படிக்குது, யாழினின்னு பேரு. போன் பண்ணும். "பெரியம்மாகிட்டக் குடு"ன்னு கேக்கும். அதுகிட்ட நான் இவளப் பத்திக் கோள் சொல்லுவேன். அது விழுந்து விழுந்து சிரிக்கும். அளவு கலக்கறது இப்ப எனக்கும் வந்துருச்சு. ஒண்ணுக்குப் பத்துத்தான். ஆனா அவ காயி இன்னமும் ஒரு விரக்கடை நீளமாத்தான் வருது. எப்பிடின்னு பாத்துக்கிட்டே இருக்கறேன், புடிபட மாட்டேங்குது. இந்த ஆடிப் பட்டத்துல தாண்டிருவேன்னு அவகிட்டயே சொல்லியிருக்கறேன்.

போன வாரம் வந்து சொல்றா, உங்க சென்டர்ல வேலைக்குக் கூப்புடறாங்கன்னு. புள்ள கூடவே இருந்துக்கலாமாம். மாசச் சம்பளமாம். "அக்கா, நீங்க அன்னிக்குக் கேட்டீங்கல்ல, கூடாரத்த நீங்களே பாத்துக்கங்க. வேற ஆருக்கும் குடுக்க எனக்கு மனசில்ல"ன்னா.

பாருங்க அம்மிணி. நான் ஆசப்பட்டது. கல்லு மேல ஏறி நின்னு பாத்துப் பாத்துப் பித்தம் ஏறுன கூடாரம். தானா வந்து மடியில உழுகுது.

"எனக்கு வேண்டாம்"னு சொல்லிட்டேன்.

எங்க ஊட்டுக்காரருக்கு ஆச்சரியம். "ஏம்புள்ள, நீ கேட்டதுதானே?"ன்னாங்க. எனக்கு முட்டி வலிங்க. ரெண்டு கூடாரம் ஆரு பாக்கறது? தண்ணி வேற உப்பு. பக்கத்துல ஆளே இல்லாம ரெண்டு கூடாரத்த வெச்சுக்கிட்டு, காயி நல்லா வந்தா ஆருகிட்டக் காட்டறது? அதெல்லாம் அவியளுக்குப் புரியாது.

அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் சொன்னேன். நல்லா ரோசிச்சுக்கங்க. இவள எடுத்தீங்கன்னா உங்களுக்குத்தான் கஷ்டம். வாயத் தொறந்து சண்டை போடத் தெரியாது. சண்டை போடத் தெரியாதவ அத்தன பொம்பளைங்கள எப்பிடி மேய்ப்பா? ரகசியம் காக்கத் தெரியாது, ஆரு கேட்டாலும் அளவச் சொல்லிருவா. ஆரு தப்புப் பண்ணாலும் தன் தப்புன்னு எடுத்துக்குவா. பெரிய மனுசங்கள மதிக்க மாட்டா, கூப்புடாத எடத்துக்கு ஓடுவா. இன்னும் நல்ல ஆளா, படிச்ச ஆளா, உங்க ஊர்ப் பக்கமே கெடைக்காதுங்களா? இவதான் வேணுமா உங்களுக்கு?

என்னம்மிணி சிரிக்கறீங்க? நான் என்ன சொன்னேன்னு சிரிக்கறீங்க? நோட்டுல ஒண்ணும் எழுதிக்கவும் மாட்டேங்கறீங்க.

எடுக்கறதா முடிவே பண்ணிட்டீங்களா? கையெழுத்து வாங்கத்தான் வந்தீங்களா?

சரி. சரிங்க. நான் ஆரு சொல்றதுக்கு.

அதோ பஸ்ஸு திரும்புது பாருங்க. அந்த நீலச் சேலைதான். வெறும் கூடையத் தலையில கவுத்துக்கிட்டு வெயில்ல எப்பிடி நடந்து வர்றா பாருங்க, ஒரு கொடை எடுத்துட்டுப் போகத் தெரியுதா? நூறு தடவ சொல்லிட்டேன். இருங்க, அவளுக்கும் ஒரு சொம்பு மோரு எடுத்து வெக்கறேன். நான் பேசுனது ஒண்ணும் அவகிட்டச் சொல்லிராதீங்க.

ஏனுங்கம்மிணி, உங்க சென்டர்ல ஞாயித்துக்கெழம லீவு உடுவீங்கல்ல?